வர்ராக்கின் மகன்: இப்னுந் நதீமும் அவருடைய ஃபிஹ்ரிஸ்த்தும்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 12ஆம் நாள் நம் நாட்டில் நூலகர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பணியாற்றி, நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்துத் தந்த எஸ்.ஆர். அரங்கநாதனின் நினைவாக அந்நாள் அமைந்தது. பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றிக் கேட்டுவிட்டு மாலையில் மத்ரஸாவுக்கு வந்த மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், நம்ம முன்னோர்கள்ல இப்படி யாராவது இருந்தாங்களா?"

பக்தாத், பைத்துல் ஹிக்மா, மங்கோலியர் எறிந்த நூல்களின் மையால் தஜ்லா நதி கறுத்து ஓடியது என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். நாமும் பல மேடைகளில் அதைச் சொன்னவர்கள்தாம். அந்த மைக்கதையின் வரலாற்று உறுதி ஒருபுறம் இருக்கட்டும். கேட்போரைக் கண்கலங்க வைக்க அது உதவும். அழிந்த நூல்கள் யாவை, அவற்றை எழுதியவர் யார், எத்தனை ஏடுகள் என்று ஒருவர் திருப்பிக் கேட்டால் அந்தக் கதையில் விடை இல்லை. விடை இருப்பது வேறோர் இடத்தில். ஹிஜ்ரி 656இல், அதாவது கி.பி. 1258இல் பக்தாத் வீழ்வதற்கு ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்கு முன்பே, அந்நகரத்துப் புத்தக வணிகர் ஒருவர் தம் காலம்வரை அரபு மொழியில் தோன்றிய நூல்களை எல்லாம் ஒரு பட்டியலாக எழுதி வைத்துவிட்டார். நாம் அம்மாணவருக்குச் சொன்னது அவரைப் பற்றித்தான்.

அவர் பெயர் அபுல் ஃபரஜ் முஹம்மத் இப்னு இஸ்ஹாக். இப்னுந் நதீம் என்று அறியப்படுகிறார். நதீம் என்றால் ஆட்சியாளர்களின் அவையில் உடனமர்ந்து உரையாடும் தோழர். அந்தப் பட்டம் தந்தைக்கு உரியதா, இவருக்கே உரியதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது நமக்கு இங்கே முக்கியமன்று. தந்தையின் தொழில்தான் முக்கியம். அவர் ஒரு வர்ராக்.

வர்ராக் என்ற சொல்லை இன்று ஒரே சொல்லால் பெயர்ப்பது கடினம். காகிதம் விற்பவர், நூலைப் படியெடுப்பவர், படியை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துபவர், கட்டுபவர், விற்பவர் ஆகிய அனைவரும் ஒருவரிடத்தில் கூடினால் அவர் வர்ராக். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதின் ஒரு பகுதியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வர்ராக் கடைகள் இருந்ததாக யஃகூபீ எழுதியுள்ளார். அவை வெறும் கடைகளாக இருக்கவில்லை. அறிஞர்கள் வந்து அமர்ந்து விவாதிக்கும் மஜ்லிஸ்களாகவும் இருந்தன. புகழ்பெற்ற எழுத்தாளர் அல்ஜாஹிள் அக்கடைகளை வாடகைக்கு எடுத்து, இரவெல்லாம் உள்ளேயே தங்கி நூல்களைப் படிப்பாராம். இச்செய்தியை நமக்குப் பாதுகாத்துத் தந்த நூல்களுள் இப்னுந் நதீமின் நூலும் ஒன்று. கடைக்காரரின் மகனல்லவா, இப்படிப்பட்ட வாடிக்கையாளர்களை மறப்பாரா!

கடைத்தெருவில் அவர் பழகிய மனிதர்களுள் யஹ்யா இப்னு அதீ என்பவரும் ஒருவர். அவர் கிறிஸ்தவர், தத்துவ அறிஞர், பிழைப்புக்கு நூல்களைப் படியெடுத்தவர். இவ்வளவு எழுதி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறீரே என்ற பொருளில் இப்னுந் நதீம் ஒருநாள் அவரைக் கடிந்துகொண்டார். அதற்கு அவர், தபரீயின் தஃப்ஸீரைத் தம் கையாலேயே இருமுறை முழுமையாகப் படியெடுத்திருப்பதாகவும், ஒரு பகலும் ஓர் இரவுமாக அமர்ந்தால் நூறு ஏடுகள் அளவுக்கு எழுதிவிடுவதாகவும் பதில் சொன்னார். இமாம் தபரீயின் தஃப்ஸீர் எவ்வளவு பெரியது என்பதை அதை அலமாரியில் பார்த்தவர்களேனும் அறிவார்கள். அதை இருமுறை கையால் எழுதியவர் ஒரு கிறிஸ்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இந்தச் சூழலில் வளர்ந்தவர்தாம் ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987-88இல் "அல்ஃபிஹ்ரிஸ்த்" என்ற நூலைத் தொகுத்தார். பாரசீகத்திலிருந்து அரபுக்கு வந்த அச்சொல்லுக்குப் பட்டியல் என்று பொருள். பெயரும் எளிமை, முன்னுரையும் எளிமை. சில வரிகளிலேயே முன்னுரையை முடித்துவிடுகிறார். அரபியர், அரபியர் அல்லாதார் ஆகிய எல்லாச் சமூகத்தாரின் நூல்களிலும் அரபு மொழியிலும் எழுத்திலும் கிடைப்பவற்றையும், ஒவ்வொரு கலையிலும் நூல் எழுதியோரின் வரலாற்றையும், அக்கலை தோன்றிய நாள்முதல் தம் காலம்வரை தருவதாகச் சொல்லிவிட்டு நேரே பணியில் இறங்குகிறார்.

நூல் பத்து மகாலாக்களாக, அதாவது பத்துப் பெரும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதற்பகுதி உலக மொழிகளின் எழுத்து வடிவங்களில் தொடங்கி, யூத கிறிஸ்தவ வேதங்களைக் கடந்து, அல்குர்ஆனையும் அதன் கலைகளையும் அடைகிறது. அடுத்து இலக்கண அறிஞர்கள் வருகிறார்கள். பஸ்ராவினர் தனியாக, கூஃபாவினர் தனியாக. பின்னர் வரலாறு, கவிதை, கலாம், ஃபிக்ஹு, தத்துவமும் கணிதமும் மருத்துவமும், கதைகளும் மாயவித்தைகளும், பிற சமயங்கள், இறுதியில் ரசவாதம். ஃபிக்ஹுப் பகுதியில் இமாம் மாலிக், இமாம் அபூஹனீஃபா, இமாம் ஷாஃபிஈ (ரஹிமஹுமுல்லாஹ்) ஆகியோரின் வழிகளுக்குத் தனித்தனி இடம் உண்டு. இமாம் அபூஹனீஃபாவின் நூல்களில் அல்ஃபிக்ஹுல் அக்பரும் அங்கே குறிக்கப்படுகிறது.

நூலை அளவு பார்த்தோ, வந்து சேர்ந்த வரிசை பார்த்தோ அடுக்காமல், பொருள் பார்த்து அடுக்கினார். அதனுள் ஆசிரியர்களைப் பெரும்பாலும் கால வரிசையில் நிறுத்தினார். தத்துவ அறிஞர் அல்கின்தீ ஒருவருக்கு மட்டும் 200க்கும் மேற்பட்ட நூல்களின் பெயர்களைத் தருகிறார். அவற்றையும் தர்க்கம், எண்கணிதம், இசை, வானியல், மருத்துவம் என்று பிரித்தே தருகிறார். அந்நூல்களில் மிகச் சிலவே இன்று நம் கையில் உள்ளன. மற்றவை இருந்தன என்பதையே இந்தப் பட்டியல் வழியாகத்தான் பெரும்பாலும் அறிகிறோம்.

அவருடைய நுணுக்கத்துக்கு ஒரு சான்று போதும். கவிஞர்களின் திவான்களைக் குறிப்பிடும்போது இன்னாருடைய கவிதை பத்து ஏடு, இன்னாருடையது ஐம்பது ஏடு என்று அளவு தருகிறார். ஏடு என்றால் எந்த ஏடு? அக்காலத்தில் குராஸான் காகிதத்தில் மட்டும் ஆறு வகைகளை அவரே எண்ணிக் காட்டுகிறார். ஆகவே முன்கூட்டியே ஒரு விளக்கம் வைத்துவிடுகிறார்: நாம் ஏடு என்று சொன்னால் அது ஸுலைமானீ ஏடு, அதன் ஒரு பக்கத்துக்கு இருபது வரிகள். வாங்க வருபவர் ஏமாறக்கூடாது என்ற வணிகரின் நேர்மை இதில் தெரிகிறது. ஆயிரம் ஆண்டுகள் கழித்து ஒரு கையெழுத்துப் பிரதியைக் கையில் எடுக்கும் ஆய்வாளர், இது முழு நூலா, குறை நூலா என்று கணிக்கவும் அதுவே உதவுகிறது.

இன்னொரு பழக்கமும் அவரிடம் உண்டு. தாம் கண்டதையும் கேட்டதையும் அவர் கலப்பதில்லை. இன்னாருடைய கையெழுத்தில் நான் படித்தேன், இன்னார் என்னிடம் சொன்னார் என்று மூலத்தைச் சொல்லிச் செல்கிறார். இந்தியச் சமயங்களைப் பற்றி எழுதும்போது, அமைச்சர் யஹ்யா இப்னு காலித் அல்பர்மகீ இந்தியாவுக்கு ஆளனுப்பி எழுதி வாங்கிய ஓர் அறிக்கையைப் பயன்படுத்துகிறார். அதையும், ஹிஜ்ரி 249 என்று தேதியிட்டு அல்கின்தீயின் கையெழுத்தில் இருந்த படியிலிருந்து எடுப்பதாகச் சொல்லிவிட்டே எடுக்கிறார். சீனாவைப் பற்றி எழுத வேண்டி வந்தபோது, அங்கு சென்று திரும்பிய நஜ்ரான் நாட்டுத் துறவி ஒருவரைப் பக்தாதின் கிறிஸ்தவக் குடியிருப்பில், தேவாலயத்தின் பின்புறம் தேடிச்சென்று சந்தித்துக் கேட்டு எழுதினார். ஹதீஸ் கலையில் ஸனது என்று நாம் படிப்பது என்ன? யாரிடமிருந்து கேட்டாய் என்ற கேள்விதானே! அக்கேள்வியை அவர் கடைத்தெருவுக்கும் கொண்டு சென்றிருக்கிறார்.

இப்போது அந்தப் பெட்டியின் செய்திக்கு வருவோம். ஃபிஹ்ரிஸ்த்தைப் புரட்டும் போதெல்லாம் நாம் நின்றுவிடும் இடம் இதுதான்.

ஹதீஸா என்ற ஊரில் இப்னு அபீ பஃரா என்று அறியப்பட்ட ஒருவர் இருந்தார். பழம் ஏடுகளைச் சேர்ப்பதில் அவரைப் போன்ற ஒருவரைத் தாம் கண்டதில்லை என்கிறார் இப்னுந் நதீம். அம்மனிதர் எளிதில் எவரையும் நம்புபவரல்லர். தம்மிடம் இருப்பதை அப்பகுதியை ஆண்ட ஹம்தான் குடும்பத்தார் பறித்துக்கொள்வார்களோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. பலமுறை சந்தித்துப் பழகிய பின்னரே மனம் இளகி, ஒரு பெரிய பெட்டியைத் திறந்து காட்டினார். ஏறத்தாழ 300 ராத்தல் எடையுள்ள ஏடுகள் அதில் இருந்தன. தோல், எகிப்து நாணல் தாள், சீனக் காகிதம், குராஸான் காகிதம் எனப் பலவகை. ஒவ்வொரு துண்டிலும், இது இன்னாருடைய கையெழுத்து என்று அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக ஒருவர் கீழ் ஒருவராகச் சான்று எழுதியிருந்தார்கள். ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் தோழர் ஒருவர் எழுதிய முஸ்ஹஃப் அதில் இருந்தது. நபி (ஸல்) அவர்களின் எழுத்தர்களுடைய கையெழுத்தில் அமைந்த ஆவணங்களும் அதில் இருந்ததாகக் குறிப்பிடுகிறார்.

அவற்றோடு நான்கு ஏடுகள். சீனக் காகிதமாக இருக்கலாம் என்று நினைத்தார். எழுவாயையும் செயப்படுபொருளையும் பற்றி அபுல் அஸ்வத் அத்துஅலீ சொன்ன இலக்கணக் குறிப்புகள், அவருடைய மாணவர் யஹ்யா இப்னு யஃமரின் கையெழுத்தில் இருந்தன. கீழே நள்ரு இப்னு ஷுமைல் உள்ளிட்ட அறிஞர்களின் சான்றுகள். அரபு இலக்கணத்துக்கு அடித்தளமிட்டவர் அபுல் அஸ்வத் என்று நம் மத்ரஸாக்களில் நஹ்வு பாடத்தின் முதல் நாளிலேயே சொல்கிறோம். அந்தக் கூற்றுக்கு எழுத்து வடிவில் இருந்த சான்றைத் தம் கண்ணால் கண்டவர் இவர்.

பிறகு அம்மனிதர் இறந்துவிட்டார். பெட்டி காணாமற்போயிற்று. எவ்வளவோ தேடியும், அந்த முஸ்ஹஃபைத் தவிர வேறெதையும் தம்மால் மீண்டும் காணவோ கேள்விப்படவோ முடியவில்லை என்று எழுதி அச்செய்தியை முடித்துவிடுகிறார்.

எந்தப் படையும் அங்கு வரவில்லை. எவரும் தீ வைக்கவில்லை. பறித்துவிடுவார்கள் என்று அஞ்சி ஒருவர் மறைத்தார். அவர் மறைந்ததும் மறைத்தவையும் மறைந்தன. அந்த நான்கு ஏடுகளைப் பற்றி இன்று நாம் பேச முடிகிறதென்றால், ஒரு பார்வையாளர் பார்த்ததை வீட்டுக்குப் போய் எழுதி வைத்தார் என்ற ஒரே காரணத்தால்தான்.

இப்னுந் நதீமின் கொள்கையைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் ஷீஆச் சார்பும் முஃதஸிலாச் சார்பும் உடையவர் என்பதை நூலே காட்டுகிறது. அஹ்லுஸ் ஸுன்னாவினரைக் குறிக்க அவர் கையாளும் சில சொற்கள் நமக்கு உவப்பானவை அல்ல. இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) தம் லிஸானுல் மீஸானில் இதற்காகவே அவரைக் கடுமையாக விமர்சித்துள்ளார். ஆனால் நம் அறிஞர்கள் அவருடைய பட்டியலைத் தூக்கி எறியவில்லை. யாகூத் அல்ஹமவீ எடுத்தாண்டார்; இப்னுல் கிஃப்தீ எடுத்தாண்டார்; மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆவும் எடுத்தாண்டார். அகீதாவை அவரிடமிருந்து எடுக்கவில்லை. நூல்களின் செய்தியை எடுத்தார்கள். இந்த வேறுபாட்டை அறியாமல், இவர் எழுதியதா, வேண்டாம் என்று அலமாரியை மூடும் வழக்கம் இப்போது நம்மிடையே பரவி வருகிறது. வருத்தத்துடனேயே இதைக் குறிப்பிடுகிறோம்.

அவரும் தமக்கு உடன்பாடில்லாத எதையும் மறைக்கவில்லை. மானீ மதத்தாரின் நூல்களைப் பற்றி அவர் தந்த விவரங்கள், அம்மதத்தைப் பற்றி இன்று ஆய்வு செய்வோருக்கும் தவிர்க்க முடியாத மூலமாக உள்ளன. ஆயிரத்தொரு இரவுகளின் மூலமான "ஹஸார் அஃப்ஸான்" என்ற பாரசீகக் கதைநூலைப் பற்றியும் எழுதினார். அதைப் பலமுறை முழுமையாகப் பார்த்ததாகவும், சுவையற்ற நூல் என்றும் தீர்ப்பளிக்கிறார். பிடிக்கவில்லை என்பதற்காகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடவில்லை. ஜாபிர் இப்னு ஹய்யான் என்றொருவர் இருந்ததே இல்லை என்று சிலர் வாதிட்டபோது, இரண்டாயிரம் ஏடுகள் அளவுக்கு உழைத்து எழுதிவிட்டு, இல்லாத ஒருவர் பெயரில் எவரேனும் அதைச் சாற்றுவாரா என்று திருப்பிக் கேட்கிறார். ஜாபிரைப் பற்றிய அந்த விவாதம் இன்றும் முடியவில்லை.

குறைகளும் உண்டு. அல்குவாரிஸ்மீயைப் பற்றிய பழைய குறிப்புகளுள் ஒன்று இந்நூலில் உள்ளது. ஆனால் அவர் பெயருக்குக் கீழே, அவரை உலகறியச் செய்த அல்ஜப்ரு நூல் இல்லை. அது அடுத்து வரும் ஸனத் இப்னு அலீயின் பட்டியலில் சேர்ந்து கிடக்கிறது. படியெடுத்தவர் வரியைத் தவறவிட்டிருக்கலாம் என்பர் ஆய்வாளர்கள். நூறு ஏடுகளை ஒரே மூச்சில் எழுதுபவர்களின் உலகில் இப்படியும் நடக்கும்.

இப்பட்டியலே பின்னர் பல இன்னல்களைக் கடந்துதான் நம்மிடம் வந்தது. அதன் மிகப் பழைய பிரதிகளுள் ஒன்றின் ஒரு பாதி அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. எகிப்து வரலாற்றாசிரியர் மக்ரீஸீயின் கையில் இருந்த பிரதி அது. மறுபாதி இஸ்தான்புல்லின் ஸுலைமானிய்யா நூலகத்தில் உள்ளது. ஜெர்மன் அறிஞர் குஸ்டாவ் ஃப்ளூகல் பல்லாண்டுகள் உழைத்தும் அச்சில் காணாமலேயே 1870இல் இறந்துவிட, 1871-72இல் லைப்சிக் நகரில் பிறர் அதை வெளியிட்டார்கள். பிரதிகள் பலவும் கிடைத்தபின் 1971இல் தெஹ்ரானிலும், 2009இல் அய்மன் ஃபுஆத் ஸய்யிதின் பதிப்பாக லண்டனிலும் வெளிவந்தது. ஹிஜ்ரி பதினோராம் நூற்றாண்டில் இஸ்தான்புல்லின் ஹாஜி கலீஃபா தம் "கஷ்ஃபுழ் ழுனூன்" நூலில் ஏறத்தாழ 15,000 நூல்களைத் திரட்டியது இதே வழியில் வந்த பெரும்பணி.

அந்தப் பிரதிகளில் ஆங்காங்கே வெற்றிடங்கள் உள்ளன. ஓர் ஆசிரியர் இறந்த ஆண்டோ, ஒரு நூலின் பெயரோ இப்னுந் நதீமுக்குத் தெரியாத இடங்கள் அவை. ஊகித்து நிரப்பாமல், பின்னால் தெரியவந்தால் எழுதிக்கொள்ளலாம் என்று இடம் விட்டிருக்கிறார்.

மாணவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது நமக்கு நம்முடைய பெட்டி ஒன்று நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அண்டை ஊரில் முதிய ஆலிம் ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தோம். அவர் தம் பாட்டனார் காலத்து அரபுத்தமிழ்க் கிதாபுகளையும் கையெழுத்து ஏடுகளையும் மரப்பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். பெண்களுக்கான தொழுகை மஸ்அலாக்கள், மருத்துவக் குறிப்புகள், யார் எழுதியதென்று தெரியாத ஒரு மாலை. மறுமுறை வந்து எழுதிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டோம். அவருடைய வஃபாத்துக்குப் பின் சென்றபோது வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். பெட்டியைப் பற்றிக் கேட்டோம். "எல்லாம் அரபு எழுத்துங்க ஹஜ்ரத், கால்ல மிதிபடக் கூடாதுன்னு மரியாதையா ஆத்துல விட்டுட்டோம்" என்றார்கள். அவர்கள்மீது குற்றமில்லை. அது அல்குர்ஆன் அல்ல, நம் பாட்டிமார் படித்த தமிழ் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம். குறைந்தபட்சம் அன்று ஒரு தாளில் பெயர்களையாவது எழுதியிருக்கலாம்.

இந்த ஆண்டு மத்ரஸா அலமாரியிலுள்ள பழைய கிதாபுகளை மாணவர்கள் பட்டியலிடத் தொடங்கியிருக்கிறார்கள். நூலின் பெயர், ஆசிரியர், படியெடுத்தவர், ஏடுகளின் எண்ணிக்கை, பக்கத்துக்கு எத்தனை வரிகள், யார் கொடுத்தது என்று கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்துள்ளோம். தங்கள் வீட்டிலுள்ளவற்றையும் சேர்க்கலாமா என்று இரண்டு மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். முதலில் பதிந்தது முகப்பு ஏடு கிழிந்த ஒரு நஹ்வுக் கிதாப். படியெடுத்தவர் பெயர் தெரியவில்லை. "என்ன எழுதட்டும் ஹஜ்ரத்?" என்று கேட்ட மாணவரிடம், அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டுவிடச் சொன்னோம்.